கொடி விழுறதுக்கு முன்னாடி

குதிரையை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இதை மொதல்லயே சொல்லிர்றேன். பின்னாடி யாரும் வந்து “அம்புட்டுப் பாசமாக்கா”ன்னு என்கிட்ட மூக்கைச் சிந்தக் கூடாது. நான் மாட்டுக்காரி. நாகமலை புதுக்கோட்டையில இருந்து மேக்க, மெயின் ரோட்டை விட்டு உள்ள தள்ளி எங்க தோட்டம். ஆறு கறவை மாடு நிக்கிது. பொறந்த வீடும் மாட்டு வீடு, வாக்கப்பட்ட வீடும் மாட்டு வீடு. விடிஞ்சா சாணி, தவிடு, கறவை, பால் சொசைட்டி, திரும்பவும் சாணி. மாட்டு விசயத்துல எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லைன்னு மெதப்புல திரிஞ்சவ. அந்த மெதப்புதான் என்னைக் கவுத்துச்சு.

குதிரைக் கிறுக்கு எங்க வீட்டுக்காரருக்கு. எந்த ஊர்ல குதிரை வண்டிப் பந்தயம்னாலும் போயி ரோட்டோரமா நின்னு தொண்டை கிழியக் கத்திட்டு, மறுநாள் பூராம் பேச்சு வராம சைகை காட்டிக்கிட்டுத் திரிவாரு. ஒருநாள் திடுதிப்புன்னு ஒரு வெள்ளைக் குதிரையைக் கூட்டிட்டு வந்து வேப்ப மரத்துல கட்டிட்டாரு. பொட்டைக் குதிரை, ஏழு மாசச் சினை. “திருநகர் மண்டபத்துல எல்லாம் மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரைதான் கேக்குறாக”ன்னு என்கிட்ட சமாதானம். “சினைக் குதிரை மேல எவன் மாப்பிள்ளையை ஏத்துவான்?”னு கேட்டேன். “குட்டி போடட்டும், பொறவு பாரு”ன்னாரு. பதிலைத் தயாரா வச்சிருந்திருக்காரு மனுசன்.

வாங்குறப்ப அவரோட கூடப் போனது அவரோட பந்தயக் கூட்டாளி ஒருத்தரு. குதிரைக்குச் சுழி பாக்குறதுல பெரிய கையின்னு பேரு. நெத்தியில, கழுத்துல, வயித்துல முடி எங்கெங்க சுழிச்சிருக்குன்னு விரலை வச்சுப் பாத்து, இது வீட்டுக்கு ஆகும், இது ஆகாதுன்னு சொல்லுவாரு. எங்க வீட்டுக்காரரை மாப்ளன்னுதான் கூப்புடுவாரு, அதனால நான் அவருக்குத் தங்கச்சி. எனக்கு அவரு சுழி அண்ணன். “நெத்தியில பாரு தங்கச்சி, ராஜசுழி. இந்தக் கால் வச்ச வீடு வெளங்கும்”னு எங்க வாசல்ல நின்னு சொன்னாரு. ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சாரு.

அந்தக் குதிரைக்குப் பேரு கீரு ஒண்ணும் நான் வைக்கல. “ஏத்தா, தள்ளி நில்லுத்தா”ன்னு மாட்டைச் சொல்ற மாதிரிதான் சொல்லுவேன். பிடிக்காதுன்னாலும் வயித்துப் புள்ளக்காரியைப் பட்டினி போட முடியுமா? கொள்ளு அவிச்சு வைப்பேன். அருகம்புல்லு அறுத்துப் போடுவேன். நான் தொழுவத்துக்குள்ள வந்தா காதை என் பக்கம் திருப்பும். மாடு இப்படி எல்லாம் கவனிக்காது. எனக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு, வெளிய காட்டிக்கல.

இங்க எங்க பழக்கம் ஒண்ணைச் சொல்லணும், இல்லாட்டி மத்தது புரியாது. மாடு கன்னு போட்டா நஞ்சுக்கொடி கீழ விழுற வரைக்கும் கன்னுக்குட்டியை மடிக்கிட்ட விடமாட்டோம். விட்டா கொடி உள்ளயே தங்கிரும்னு பயம். விழுந்த கொடியை வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கொண்டு போயிக் கட்டிட்டு வந்த பொறவுதான் அடுத்த வேலை. மொத மொதல்ல வர்ற மஞ்சப் பாலு, அதான் சீம்பாலு, அதையும் கன்னுக்குட்டிக்கு வயிறு நெறைய விடமாட்டோம். செமிக்காது, கழிச்சல் வந்துரும்பாக. கறந்து, கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு அவிச்சு, அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் கிண்ணத்துல குடுத்து விடுவோம். என் கையால அப்படி இருவது இருவத்தஞ்சு கன்னு வளந்திருக்கு. சிலது செத்தும் இருக்கு. செத்ததுக்கு அதோட விதியின்னு சொல்லிக்கிட்டோம்.

குதிரைக்கும் அதைத்தான் செஞ்சேன். குட்டி போடுறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே காம்புல பாலு சொட்டுச்சு. மடி கட்டிக்கிரும்னு பயந்து கறந்து விட்டேன். விடியக்காலம் மாடு கறக்கப் போறேன், குதிரை குட்டி போட்டுக் கிடக்கு. கரேர்னு ஒரு கருப்புக் குட்டி. வெள்ளைக்கு எப்படிக் கருப்புன்னு யோசிக்கக் கூட நேரமில்ல, அதுக்குள்ள அது எந்திரிக்கப் பாக்குது. கால் நாலும் நாலு பக்கம் போகுது, விழுது, திரும்ப எந்திரிக்கிது. ஒரு மணி நேரத்துல நின்னுருச்சு. நின்ன கையோட தாயோட தொடையிடுக்கை மோந்து மோந்து மடியைத் தேடுச்சு.

நான்தான் தள்ளிவிட்டேன். கழுத்துல துணிக் கயிறு போட்டு எட்டக் கட்டினேன். கொடி விழட்டும்னு உக்காந்திருந்தேன். விழுந்ததும் எங்க வீட்டுக்காரரு அதைச் சுத்தி எடுத்துக்கிட்டு ஆலமரத்துக்குப் போனாரு. நான் செம்பை எடுத்து அந்த மஞ்சப் பாலைக் கறந்தேன். பசுவோடது மாதிரி கெட்டியா, தேன் கணக்கா இருந்துச்சு. குதிரைச் சீம்பாலை யாரு தின்பா? தென்னை மூட்டுல ஊத்திட்டேன். மத்தியானத்துக்கு மேல பாலு வெளுத்த பொறவுதான் குட்டியை அவுத்து விட்டேன். ரொம்பப் பொறுப்பா செஞ்சுட்டதா நெனச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன்.

மறுநாள் குட்டி சோந்து படுத்துச்சு. அதுக்கடுத்து முட்டி வீங்கிப் போயி தொட்டா அனலா கொதிச்சுது. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்தாங்க, ஊசி போட்டாங்க, குளுக்கோஸ் ஏத்தினாங்க. “மொதப் பாலு குடிச்சுச்சாக்கா?”ன்னு என் மொகத்தைப் பாத்துக் கேட்டாங்க. “குடிச்சுச்சு”ன்னு சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கி வரைக்கும் யோசிக்கிறேன். அவங்க கேட்ட தோரணையிலயே என்னமோ தப்பாயிருச்சுன்னு பட்டுச்சு, அம்புட்டுத்தான் தெரியும். மூணாம் நாளு சாயங்காலம் குட்டி செத்துப் போச்சு.

வரப்போரமா குழி வெட்டிப் பொதைச்சோம். குதிரை அதுக்கப்புறம் நாலு நாளு கனைச்சுது. சும்மா கனைப்பில்ல, கனைச்சுட்டு நிறுத்தி, காதை நீட்டி, பதிலு வருதான்னு கேக்கும். வராது. திரும்பவும் கனைக்கும். சொசைட்டிக்குப் போற வழியில கூட அந்தச் சத்தம் கேக்கும் எனக்கு. பாலு கட்டி மடி கல்லு மாதிரி ஆயிருச்சு. நான் கிட்டப் போனா காதை மடக்கி, பின்னங்கால் ஒண்ணைத் தூக்கிக்கிட்டு நிக்கும். வேற யாரு போனாலும் அப்படி நிக்காது, நான் போனாத்தான். ஆத்தாடி, இதுக்குத் தெரியுதுன்னு நெனச்சேன்.

துக்கம் விசாரிக்கிற மாதிரி சுழி அண்ணன் வந்தாரு. வந்தவரு சும்மா போவாரா? நெத்தியை ஒரு தடவு தடவிட்டு மொகத்தைச் சுளிச்சாரு. “மாப்ள, ராஜசுழிக்குக் கீழ இன்னொண்ணு மறைஞ்சு கிடந்திருக்கு. குட்டி தங்காத சுழி. அதான் வெள்ளைக்குக் கருப்பு பொறந்திருக்கு. தள்ளி விட்ரு”ன்னாரு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். “ஏண்ணே, வாங்குறப்ப நீங்கதான விரலை வச்சுத் தேச்சுப் பாத்தீக? அப்ப அந்தச் சுழி எங்க, டீ குடிக்கப் போயிருந்துச்சா?”ன்னு கேட்டேன். “அப்ப முடி அடைச்சிருந்துச்சு தங்கச்சி”ன்னாரு. வாய் கூசாமச் சொன்னாரு.

பேச்சு பரவிருச்சு. ஊர்வலத்துக்குக் குதிரை கேட்டிருந்த ரெண்டு வீட்டுக்காரவுகளும் வேண்டாம்னுட்டாக. குட்டியைத் தின்ன குதிரையில மாப்பிள்ளையை ஏத்துவாகளான்னு டீக்கடையில பேச்சு. எங்க வீட்டுக்காரரு மொகம் செத்துப் போச்சு. யாவாரியை வரச் சொல்லிருக்கேன்னு ஒருநாள் சோத்துத் தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. எனக்கு மனசு அடிச்சுக்கிச்சு. அன்னைக்கி மத்தியானம் ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போனேன்.

டாக்டரம்மா மருந்து பாட்டிலை அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. “மொதப் பாலு குடிக்காட்டி குதிரைக்குட்டி என்ன ஆகும்?”னு கேட்டேன். திரும்பிப் பாத்தாங்க. நான் சொல்லாமயே அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு. திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். உக்காரச் சொல்லிட்டு மெதுவாச் சொன்னாங்க. குட்டி பொறக்குறப்ப நோயை எதுக்குற சக்தி ஒண்ணும் இல்லாம வெறுங்கையோட பொறக்குதாம். அம்புட்டும் அந்த மஞ்சப் பாலுலதான் இருக்காம். பொறந்த மொத ரெண்டு மூணு மணி நேரத்துல குடிச்சாத்தான் ஒடம்புல நல்லா ஒட்டுமாம், நேரம் ஆக ஆக குடல் வாங்கிக்காதாம். “கன்னுக்குட்டிக்கும் இதேதான்க்கா”ன்னாங்க. கொடி தங்காதா டாக்டருன்னு கேட்டேன். “குட்டி குடிச்சா கொடி சீக்கிரம்தான் விழும்”னு சொன்னாங்க.

பெஞ்சில உக்காந்து அழுதேன். குட்டி செத்த அன்னைக்கி வராத அழுகை. செத்த கன்னுக்குட்டி ஒவ்வொண்ணும் கண்ணு முன்னாடி வந்துச்சு. அம்புட்டுக்கும் விதியின்னு பேரு வச்சவ நான். இப்ப ஒரு வாயில்லாச் சீவன் மேல சுழியின்னு பழியைப் போட்டு வெளிய அனுப்பப் போறாக, நான் வாயை மூடிக்கிட்டு நிக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும். வாசப்படி மிதிக்கிற வரைக்கும் சொல்லணும்னுதான் வந்தேன். உள்ள நொழைஞ்சதும் வேற வார்த்தை வந்துச்சு. “யாவாரியை வர வேண்டாம்னு சொல்லுங்க. குதிரையை இன்னொரு தடவை சேத்துப் பாப்போம்”னேன். மனுசன் என்னைப் பேய் பிடிச்சவளைப் பாக்குற மாதிரி பாத்தாரு. “நீயா? குதிரையை வித்தா மொட்டை போடுறேன்னு வேண்டியிருந்தவ நீ”ன்னாரு. “மொட்டையை உங்களுக்குத்தான் வேண்டியிருந்தேன்”னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன்.

வாயில சொல்லிட்டேன், மனசு ஒப்பணுமே. ஒரு மாசம் போட்டுக் கொழப்பிக்கிட்டேன். டாக்டரம்மா வந்து கையை விட்டுச் சோதிச்சுப் பாத்து, கர்ப்பப்பை நல்லா இருக்கு, சேக்கலாம்னாங்க. ஆனா ஒண்ணு சொன்னாங்க: “பதினோரு மாசம் சுமக்கப் போறது அது. பெத்துப் பொழைக்கிறதுல அதுக்கும் உசுரு ஆபத்து இருக்கு. உங்க மனசுச் சுமையை எறக்கி வைக்கிறதுக்காக அதை சினையாக்காதீங்க.” சுருக்குன்னு தச்சுச்சு. ஏன்னா உள்ளபடிக்கி அதுக்காகத்தான் நான் நெனச்சேன்.

பொறவு குதிரையைப் பாத்தேன். ஒழுங்காத் தின்னுச்சு, ஒடம்பு தேறிருச்சு. மேய விட்டா நேரா எங்க இளங்கன்னுக ரெண்டும் கட்டியிருக்கிற எடத்துக்குப் போயி, ஒவ்வொண்ணையா மோந்து, முதுகை நக்கிக் குடுத்துக்கிட்டு நிக்கும். கன்னுக அதை ஏதோ பெரிய மாடுன்னு நெனச்சு அதோட வயித்துல முட்டும். அப்பக் காலைத் தூக்காது. அதைப் பாத்த அன்னைக்கித்தான் முடிவு பண்ணேன். இதுக்கு இன்னொரு குட்டி ஆசை இருக்கு. என் பாவம் ஒரு பக்கம் கிடக்கட்டும், இதோட ஆசைக்குச் செய்வோம்னு.

திருமங்கலம் பக்கம் ஒரு நல்ல ஆண் குதிரை இருந்துச்சு. குட்டியானைன்னு சொல்ற சின்ன லாரியில குதிரையை ஏத்திக்கிட்டுப் போனோம். ரெண்டு தடவை போனதுல சினை நின்னுருச்சு. டாக்டரம்மா ஸ்கேன்ல ஒரு கருப்புப் புள்ளியைக் காட்டுனாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல, ஆனா பாத்துக்கிட்டே இருந்தேன். கெளம்புறப்ப என் கையைப் பிடிச்சு, “வீட்ல சொல்லிருங்கக்கா. நீங்க இருக்கிற நேரமாப் பாத்துதான் குட்டி போடும்னு இல்ல”ன்னாங்க. சொல்றேன் சொல்றேன்னு தலையை ஆட்டுனேன். சொல்லல. நான்தான கூடவே இருக்கப் போறேன், நானே குடிக்க விட்டுட்டாப் போச்சுன்னு ஒரு கணக்கு.

அந்தப் பதினோரு மாசத்துல நான் ஒழுங்கா செஞ்சது ஒண்ணே ஒண்ணு. மடியில கை வைக்க விடாதவளைப் பழக்குனேன். தினமும் மாடு கறந்து முடிச்சதும் போயி, “ஏத்தா, நில்லுத்தா, ஒண்ணுமில்லத்தா”ன்னு சொல்லிக்கிட்டே மொதல்ல முதுகு, பொறவு விலா, பொறவு அடிவயிறுன்னு தடவுவேன். மொத ரெண்டு மாசம் உதைதான். முழங்கைக்குக் கீழ ஒரு காயத்தழும்பு இருக்கு, இன்னைக்கும் கேக்குறவுககிட்ட மாடு முட்டுனதுன்னுதான் சொல்றேன். எட்டாவது மாசம் என் கையை மடியில வைக்க விட்டுச்சு. நான் அசையாம நின்னேன். அதுவும் நின்னுச்சு. பெரிய பரீட்சை பாஸ் பண்ணுன மாதிரி அன்னைக்கி வீட்ல கேசரி கிண்டுனேன், எதுக்குன்னு யாருக்கும் சொல்லல.

பதினோரு மாசம் முடிஞ்சு நாலு நாளு ஆச்சு. காம்பு நுனியில மெழுகு மாதிரி கட்டுனா ஒண்ணு ரெண்டு நாள்ல போட்டுரும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. அன்னைக்கி காலையில பாத்தேன், ஒண்ணும் இல்ல. பழங்காநத்தத்துல என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. சித்திக்காரி போகாம இருக்க முடியுமா? “போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்”னாரு இவரு. வளையலைப் போட்டுட்டு ஒடனே ஓடியாந்துருவோம்னு கெளம்புனேன். அம்புட்டு நாளும் தொழுவத்துலயே தவங்கிடந்தேன், அந்தச் சிறுக்கி நான் பஸ் ஏறட்டும்னு காத்துக் கிடந்திருக்கா.

வளையல் போட்டு, சந்தனம் பூசி, அஞ்சு வகைச் சோத்துக்கு எலையில உக்காந்தேன். போனு அடிச்சுது. “குட்டி போட்ருச்சு! நல்லா இருக்கு! எந்திரிக்கப் பாக்குது!”ன்னு கத்துறாரு. பந்தயத்துல நின்னு கத்துற அதே சத்தம். எலையை அப்படியே மடிச்சுட்டு எந்திரிச்சேன். அக்கா பின்னாடியே வந்து வையிறா. “உன் மகளுக்குப் பொறவு நானே ஒரு வளைகாப்பு வைக்கிறேன், இப்ப ஆளை விடு”ன்னு சொல்லிட்டு ரோட்டுக்கு ஓடுனேன். நல்ல நேரம், டவுன் பஸ் ஒண்ணு நின்னுச்சு. சன்னலோரம் உக்காந்து போனைப் போட்டேன்.

“நின்னுருச்சா?”
“நின்னுருச்சு. மடியைத் தேடுது. கயிறு போட்டு எட்டக் கட்டிட்டோம்.”
“ஏன் கட்டுனீக?”
“கொடி இன்னும் விழல. சீம்பாலையும் கறந்து ஊத்தணும்ல? போன தடவை நீ அப்படித்தான செஞ்ச? உன் சுழி அண்ணனும் அதான் சரிங்கிறாரு. ஆளுக நெறைய வந்திருக்காக, நீ பதறாம வா.”

நான் காட்டிக் குடுத்த வழியையே என் வீட்டுக்காரரு தப்பாம செஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. பஸ்ஸு காளவாசல் சிக்னல்ல போயி அசையாம நின்னுருச்சு. டாக்டரம்மாவுக்குப் போட்டேன், எடுக்கல, எங்கயோ முகாமுக்குப் போயிருப்பாங்க. திரும்ப இவருக்குப் போட்டு, “அவுத்து விடுங்க, குடிக்கட்டும்”னேன். அங்கிட்டு சுழி அண்ணன் சத்தம் கேக்குது: “தங்கச்சி பதட்டத்துல பேசுது மாப்ள. ஏற்கனவே குட்டி தங்காத சுழி. கொடி விழாம விட்டா தாயும் போயிரும்.” இவரு மென்னு முழுங்குறாரு. “இல்ல… அண்ணன் சொல்றதும்…”ங்கிறாரு.

“போனை ஸ்பீக்கர்ல போடுங்க”ன்னேன். போட்டாரு.

“எல்லாரும் கேட்டுக்கங்க”ன்னு கத்துனேன். பஸ்ஸு பூராம் திரும்பிப் பாக்குது. “போன குட்டியைக் கொன்னது சுழியும் இல்ல, கிழியும் இல்ல. நான்தான். எட்டக் கட்டுனது நான்தான், அதோட மொதப் பாலைக் கறந்து தென்னை மூட்டுல ஊத்துனது நான்தான். அது குடிக்காமத்தான் குட்டி செத்துச்சு. டாக்டரம்மா அப்பயே சொல்லிட்டாங்க, நான் பயந்துக்கிட்டு உங்க யார்கிட்டயும் சொல்லல. அந்தக் குதிரை மேல ஒரு குத்தமும் இல்ல. இப்ப அவுத்து விடுங்கய்யா, புண்ணியமாப் போகும், குடிக்கட்டும்!”

பக்கத்து சீட்டுல இருந்த அம்மா என் கையைப் பிடிச்சு, “யாருக்கும்மா பிரசவம், எந்த ஆஸ்பத்திரி?”ன்னு கேட்டாக. “குதிரைக்கும்மா”ன்னேன். அந்தம்மா கையை விடவே இல்ல, இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாக.

“அவுத்துட்டேன்”னு இவரு குரல் வந்துச்சு. வேற மாதிரி இருந்துச்சு அந்தக் குரலு. “ஆனா கிட்ட விட மாட்டேங்குது. குட்டி மூஞ்சியை வச்சதும் காலைத் தூக்குது. உதைச்சா குட்டி தாங்காதுடி.”

“போனைக் கொண்டு போயி அதோட காதுக்கிட்ட வைங்க. கிட்டக்க. குட்டியை ஒரு ஆளு மெதுவா ஒட்டிவிடட்டும்.”

கண்ணை மூடிக்கிட்டேன். தொழுவத்துல நிக்கிறதா நெனச்சுக்கிட்டேன். “ஏத்தா. நில்லுத்தா. ஒண்ணுமில்லத்தா. நான்தான். நில்லு, நில்லு, என் ஆத்தால்ல. உன் புள்ளதான்த்தா. உன் பாலுதான். நான் எடுக்க மாட்டேன். இனிமே எடுக்க மாட்டேன்த்தா.” எம்புட்டு நேரம் சொன்னேன்னு தெரியல. சிக்னல் விழுந்து, பஸ்ஸு கெளம்பி, வண்டி தேனி ரோட்டுல ஏறிருச்சு. கண்டக்டரு விசிலை வாயில வச்சுக்கிட்டு ஊதாம நிக்கிறாரு.

அப்பத்தான் கேட்டுச்சு. மொதல்ல ஒரு மூச்சுச் சத்தம். பொறவு ‘சப்பு சப்பு’ன்னு ஒரு சத்தம். அதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு அழுகுற சத்தம். “குடிக்கிதுடி. வாலை ஆட்டிக்கிட்டு குடிக்கிதுடி.”

“குடிக்கிது!”ன்னு நான் கத்துனேன் பாருங்க, டிரைவரு ஒரு நிமிசம் பிரேக்கை மிதிச்சுட்டாரு. பஸ்ஸுல இருந்தவுக அம்புட்டுப் பேரும் கையைத் தட்டிட்டாக. யாருன்னே தெரியாது, என்ன ஏதுன்னு பாதிப் பேருக்குப் புரியாது, ஆனா தட்டுனாக. பக்கத்து அம்மா பையில இருந்து ரெண்டு கொய்யாப்பழத்தை எடுத்து, “பெத்தவளுக்குக் குடும்மா”ன்னு என் மடியில வச்சாக. கண்டக்டரு எங்க ஊரு வெலக்குல நிறுத்தமே இல்லாத எடத்துல விசிலை ஊதி எறக்கி விட்டாரு. “குட்டிக்கு என்ன பேரு வைக்கப் போறீகக்கா?”ன்னு படியில நின்னு கேட்டாரு. அதுக்குள்ள பஸ்ஸு போயிருச்சு.

பட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடுனேன். தோட்டத்துல எட்டுப் பத்துப் பேரு நின்னாக. வழி விட்டாக. இவரு கையில சாக்குல சுத்துன கொடி. குட்டி குடிக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல தானா விழுந்துருச்சாம். என்னைப் பாத்தாரு. நல்லாத் திட்டு வாங்கப் போறேன்னு நின்னேன்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”
“சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீக?”
“யாவாரிகிட்ட குதிரைக்குப் பதிலா உன்னைப் பிடிச்சுக் குடுத்திருப்பேன்”னாரு. கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு, ஆனா சிரிச்சாரு. ஒரு வருசத்துக்கும் மேலா நெஞ்சுல வச்சிருந்த பாறாங்கல்லு, ஒரு கேலிப் பேச்சுல எறங்கிப் போச்சு.

சுழி அண்ணன் குட்டியோட நெத்தியைக் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாரு. இதுவும் கருப்புதான், பொட்டைக்குட்டி. வெள்ளைக் குதிரைக்குக் குட்டி கருப்பாத்தான் பொறக்கும், வளர வளர வெளுத்துரும்னு டாக்டரம்மா முன்னயே சொல்லியிருந்தாங்க. “தாய்க்கு இருக்கிற அதே சுழி, அதே எடத்துல இருக்கு தங்கச்சி”ன்னாரு மெதுவா. “அதுக்கு என்ன அர்த்தம்ணே?”ன்னு இடுப்புல கை வச்சுக் கேட்டேன். என்னைப் பாத்தாரு, குட்டியைப் பாத்தாரு. “தாய் மாதிரியே இருக்குன்னு அர்த்தம்”னாரு. அன்னைக்கி அவருக்கு மூணு டம்ளர் காப்பி குடுத்தேன்.

மறுநாள் டாக்டரம்மா வந்து குட்டியோட ரத்தத்தை எடுத்துப் பாத்துட்டு, எதுப்புச் சக்தி வேண்டிய அளவுக்கு இருக்குன்னு கட்டை விரலைக் காட்டுனாங்க. மூணாம் நாளு வந்துச்சு. அன்னைக்கி பூராம் எனக்குச் சோறு எறங்கல. தொடுறேன், முட்டியைத் தடவுறேன், மூக்கைத் தொட்டுப் பாக்குறேன். அந்தக் கழுதை என் முந்தானையைக் கடிச்சு இழுத்துக்கிட்டு ஓடுது. அந்தி சாயிற நேரம் வரப்போரமா, போன குட்டியைப் பொதைச்ச எடத்தையும் தாண்டி நாலு கால் பாய்ச்சல்ல ஒரு சுத்துச் சுத்திட்டு வந்து தாய்க்கிட்ட நின்னுச்சு. நான் சத்தம் போட்டு அழுதேன், சத்தம் போட்டுச் சிரிச்சேன், மாடெல்லாம் தவிட்டை விட்டுட்டு என்னைத் திரும்பிப் பாத்துச்சு.

இப்பக் குட்டிக்கு வயசு ரெண்டு. மூக்கைச் சுத்தி வெளுக்க ஆரம்பிச்சிருக்கு. தாய்க்காரி திருநகர்ல மாப்பிள்ளை சொமக்குறா, குட்டியை யாருக்கும் தர்றதா இல்ல. எங்க வீட்ல மாடு கன்னு போட்டா கன்னுக்குட்டி எந்திரிச்ச கையோட மடிக்குப் போகும். கொடி எப்ப விழுமோ அப்ப விழட்டும். சீம்பாலு கேட்டு கிண்ணத்தோட வர்றவுககிட்ட, கன்னுக்குட்டி வயிறு நெறைஞ்ச பொறவு மிச்சம் இருந்தாத் தாரேன்னு சொல்லிர்றேன். கோவிச்சுக்கிட்டுப் போறவுக போகட்டும். ஏன்னு கேக்குறவுகளுக்கு முழுசாச் சொல்றேன், தென்னை மூட்டுல ஊத்துனது வரைக்கும் சொல்றேன்.

குட்டி பொறந்த அன்னைக்கி, எல்லாரும் போன பொறவு, நானும் அதுக ரெண்டும் மட்டும் தொழுவத்துல இருந்தோம். கொய்யாப்பழம் ரெண்டையும் நறுக்கித் தாய்க்குக் குடுத்தேன். குட்டி குடிச்சு முடிச்சுட்டு விலகி நின்னுச்சு, காம்புல ஒரு சொட்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கையை நீட்டுனேன். குதிரை கழுத்தைத் திருப்பி என் கையையே பாத்துச்சு. காலைத் தூக்கல. அந்தச் சொட்டு என் விரல்ல விழுந்துச்சு, மஞ்சளா, கெட்டியா. அதைக் கீழ விடாம குட்டியோட வாயில தடவி விட்டேன்.